மூலைக்கல்லும் கொடிக்கம்பமும்



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் நம் சபையின் மூத்த சகோதரர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்து ஒரு காரியத்தைக் கேட்டார். அமெரிக்காவின் தென் மாநிலமொன்றில் மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கித் திரும்பியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த விசுவாசி. பேரப்பிள்ளை பிறந்தபோது மூன்று நாள் உணவு கொண்டுவந்து கொடுத்தவர். அவர் வீட்டு முகப்பில் ஒரு சிவப்புக் கொடி. நடுவே நீல நிறத்தில் பெருக்கல் குறி போன்ற குறுக்குப் பட்டை. அதில் பதின்மூன்று வெள்ளை நட்சத்திரங்கள். அது என்னவென்று கேட்டதற்கு, “எங்கள் முன்னோரின் பாரம்பரியம், இதில் வெறுப்பு எதுவுமில்லை” என்றாராம். “ஐயா, அதற்கு நான் என்ன மறுமொழி சொல்லியிருக்க வேண்டும்?” என்பதே சகோதரரின் கேள்வி.

உங்களில் பலருடைய பிள்ளைகளும் அங்கே வாழ்கிறபடியால் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலாவது, அந்த மனிதர் சொல்வதில் மெய்யாக இருப்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களில் மகனையோ சகோதரனையோ இழக்காத ஊர் அரிது. பிரிந்துபோன பதினொரு மாநிலங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு குடும்பமே அடிமைகளை வைத்திருந்தது. மற்றக் குடும்பங்களிலிருந்தும் திரளானோர் போருக்குப் போனார்கள். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் தகப்பன் ஓர் ஏழை உழவனாய் இருந்து மாண்டிருக்கலாம். அந்தக் கல்லறையில் அவர் மலர் வைப்பதைத் தடுக்க நமக்கு நியாயமில்லை. தகப்பனையும் தாயையும் கனம்பண்ணக் கற்பிக்கிற வேதம் நம்முடையது.

ஆனால் கல்லறை வேறு, கொடிக்கம்பம் வேறு. கல்லறை ஒரு மனிதனை நினைவுகூர்கிறது. கொடியோ அவன் எதற்காகப் போரிட்டானோ அந்தக் காரியத்தை உயர்த்திக் காட்டுகிறது. அந்தக் காரியம் இன்னதென்று நாம் ஊகிக்கத் தேவையில்லை. அதை உயர்த்தியவர்களே எழுதிவைத்துப் போயிருக்கிறார்கள்.

1860 டிசம்பர் 20 அன்று தென் கரோலினா முதலாவதாகப் பிரிந்தது. பிரிவுக்கான காரணங்களை விளக்கி அம்மாநிலத்தார் வெளியிட்ட அறிக்கை, தப்பியோடிய அடிமைகளை வட மாநிலங்கள் திருப்பி அனுப்ப மறுப்பதையும், அடிமைமுறையைப் பாவமென்று தூஷிப்பதையுமே குற்றமாக அடுக்குகிறது. அடுத்த மாதம் பிரிந்த மிசிசிப்பி, தன் நிலைப்பாடு அடிமைமுறையோடு முற்றிலும் ஒன்றிப்போனது என்று ஒளிவுமறைவின்றி அறிவித்தது. “மாநில உரிமைக்காகவே போரிட்டார்கள்” என்று உங்கள் நண்பர் சொன்னால், எதைச் செய்யும் உரிமைக்காக என்று அன்போடு கேளுங்கள். விடை அந்த அறிக்கைகளிலேயே இருக்கிறது.

போதகனாகிய என்னை மிகவும் கலங்கச் செய்தது இவையல்ல. 1861 மார்ச் 21 அன்று ஜார்ஜியாவின் சவன்னா நகரில் நிகழ்ந்த ஓர் உரையே. பேசியவர் புதிய அரசின் துணைக் குடியரசுத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ். அமெரிக்கக் குடியரசை நிறுவியவர்கள் அடிமைமுறையைக் கொள்கையளவில் தவறென்று எண்ணினார்கள். அவர்கள் எண்ணியதே தவறு என்றார். வெள்ளையனும் கறுப்பனும் சமமல்லர், கீழ்ப்பட்டிருப்பதே கறுப்பனின் இயல்பான நிலை என்பதுதான் புதிய அரசின் மூலைக்கல் என்றார். கானான்மேல் விழுந்த சாபத்தையும் துணைக்கு அழைத்தார். அதோடும் நிற்கவில்லை. முதலில் கட்டினவர்கள் ஆகாதென்று தள்ளிய கல் இப்போது மூலைக்குத் தலைக்கல்லாயிற்று என்றார்.

பிரியமானவர்களே, அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தவை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? அது சங்கீதம் 118இன் 22ஆம் வசனம். ஆண்டவர் தம்மைக் குறித்துச் சொன்னது. பேதுரு ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று இயேசுவைக் குறித்து அறிக்கையிட்டது. நம் கர்த்தர் இருக்க வேண்டிய இடத்தில் மனிதனை மனிதன் சொத்தாய் வைத்திருக்கும் கோட்பாட்டை இருத்தினார்கள். அந்நாளில் திருச்சபை இதைக் கேட்டு உடைகளைக் கிழித்துக்கொண்டிருக்க வேண்டும். கிழித்துக்கொள்ளவில்லை. நியூ ஆர்லியன்ஸ் நகரின் புகழ்பெற்ற பிரெஸ்பிட்டேரியன் போதகர் பெஞ்சமின் பால்மர், 1860 நவம்பரில் நன்றியறிதல் நாள் பிரசங்கத்திலேயே, அடிமைமுறையைக் காத்து நிலைநிறுத்துவது தெய்வம் தங்களுக்கு ஒப்புவித்த கடமை என்று போதித்திருந்தார். நானும் ஒரு பிரசங்க மேடையில் நிற்கிறவன். இதை எழுதுகையில் கை கனக்கிறது.

கொடியின் கதையிலும் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. 1861 ஜூலையில் வர்ஜீனியாவின் மனாசஸில் நடந்த போரில் தென் மாநிலத்தாரின் முதற்கொடி எதிரியின் கொடியைப் போலவே தோன்றிக் குழப்பம் விளைவித்தது. ஆகவே தென் கரோலினாவின் வில்லியம் போர்ச்சர் மைல்ஸ் முன்வைத்த வடிவம் போர்க்கொடியாயிற்று. அவர் முதலில் வரைந்தது நேரான சிலுவை. யூதர் ஒருவர் ஆட்சேபிக்கவே அதைச் சாய்த்துப் போட்டார்; இது மதச் சின்னமன்று, கொடிக்கலை மரபின் வடிவமே என்றும் விளக்கினார். அது நம் சிலுவையென்று யாராவது உங்களிடம் சொன்னால் இதை நினைவில் வையுங்கள். 1863இல் அந்தப் போர்க்கொடியை மூலையில் வைத்து, மற்ற இடமெல்லாம் வெண்மையாக ஒரு தேசியக் கொடி ஏற்கப்பட்டது. வெள்ளையரின் மேலாண்மைக்கு வெண்மையே ஏற்ற அடையாளம் என்று சவன்னா நாளிதழாசிரியர் ஒருவர் அதற்காக எழுதினார்.

“அதெல்லாம் அக்காலம், எங்களுக்கு இது முன்னோர் நினைவு மட்டுமே” என்பார் நண்பர். அப்படியானால் அது அரசாங்கக் கட்டடங்களின்மேல் எப்பொழுது ஏறியது என்று பார்க்க வேண்டும். தளபதி ராபர்ட் லீயோ 1869இல் போர்க்களத்தில் நினைவுக்குறிகள் நாட்ட அழைக்கப்பட்டபோது, போரின் புண்களைத் திறந்துவைக்காதிருப்பதே ஞானம் என்று மறுத்துவிட்டார். பல்லாண்டுகள் அந்தக் கொடி பெரும்பாலும் படைவீரர் கூடுகைகளிலும் கல்லறைகளிலும் இருந்தது. 1948இல் ட்ரூமன் கறுப்பின மக்களின் குடியுரிமைகளுக்கு ஆதரவாக நின்றபோது, அதை எதிர்த்து ஸ்ட்ராம் தர்மண்ட் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். அவருடைய கூட்டங்களில் அது பறந்தது. 1956இல் ஜார்ஜியா அதைத் தன் மாநிலக் கொடியில் சேர்த்தது. பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாதென்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1961இல் போரின் நூற்றாண்டு என்று சொல்லித் தென் கரோலினா தன் சட்டமன்றக் கட்டடத்தில் ஏற்றியது; நூற்றாண்டு விழா முடிந்த பின்னும் இறக்கவில்லை.

யாருடைய பாரம்பரியம் என்பதையும் எண்ணிப்பாருங்கள். 1860 கணக்கெடுப்பின்படி தென் கரோலினாவின் மக்கள் ஏறக்குறைய 7,03,700 பேர். அவர்களில் 4,02,400 பேர் அடிமைகள். நூற்றுக்கு ஐம்பத்தேழு! அந்த மண்ணின் பாரம்பரியம் என்று சொல்லிவிட்டு அதில் பாதிக்கு மேற்பட்டவர்களை விட்டுவிடுகிற கணக்கு என்ன கணக்கு? (இவ்விதக் கணக்கை நம்மவர் நடுவிலும் கேட்டிருக்கிறேன். அதைப் பற்றித் தனியே ஒரு வாரம் எழுத வேண்டும்.)

முன்னோரைக் கனம்பண்ணுவது அவர்கள் பாவத்தை மூடிவைப்பதன்று. நெகேமியா 9ஆம் அதிகாரத்தில் ஜனங்கள் எழுந்துநின்று தங்கள் பாவங்களை மட்டுமல்ல, பிதாக்களின் அக்கிரமங்களையும் அறிக்கையிட்டார்கள். எசேக்கியா ராஜாவையும் நினையுங்கள். அவன் உடைத்துப்போட்ட வெண்கலச் சர்ப்பம் மோசே கர்த்தரின் கட்டளைப்படி செய்தது. அதைக்காட்டிலும் மேன்மையான பாரம்பரியப் பொருள் இஸ்ரவேலில் எத்தனை இருந்திருக்கும்? அது இடறலானபோது அதையே உடைத்தான். இந்தக் கொடிக்கோ அப்படிப்பட்ட பரிசுத்த தொடக்கமும் இல்லை.

அத்தேசத்திலேயே இப்படி அறிக்கையிட்டவர்கள் உண்டு. அடிமைகளை வைத்திருப்போர் மிஷனரிகளாகலாமா என்ற வழக்கில் 1845இல் பிரிந்து உருவானதே தென் பாப்டிஸ்ட் ஐக்கியம். 1995இல் அது அந்தப் பாவத்துக்காக மன்னிப்புக் கேட்டது. 2016இல், இந்தக் கொடியைக் காட்சிக்கு வைப்பதை நிறுத்தும்படி விசுவாசிகளைக் கேட்டுக்கொண்டது. அத்தீர்மானத்தை வலுப்படுத்தத் திருத்தம் கொண்டுவந்த ஜேம்ஸ் மெரிட் என்ற போதகர், தென் மாநிலப் போர்வீரரின் வழித்தோன்றலே. உலகிலுள்ள அந்தக் கொடிகள் யாவும் சேர்ந்தாலும் ஓர் ஆத்துமாவுக்கு ஈடாகாது என்றார். 2015இல் தென் கரோலினா மேலவையில் கொடியை இறக்கப் பேசியவர்களில் ஒருவர் பால் தர்மண்ட், மேலே சொன்ன ஸ்ட்ராம் தர்மண்டின் மகன். நம் முன்னோர் மனிதரை அடிமைகளாய் வைத்திருக்கவே போரிட்டார்கள், இந்தப் பாரம்பரியத்தில் எனக்குப் பெருமையில்லை என்று எழுந்து சொன்னார். தகப்பனின் கொடியை மகன் இறக்கச் சொல்வது எளிய காரியமன்று.

அவரை அப்படிப் பேசவைத்த சம்பவத்தை நீங்கள் அறிவீர்கள். 2015 ஜூன் 17, புதன்கிழமை இரவு, சார்ல்ஸ்டன் நகரின் இம்மானுவேல் ஆலயத்தில் வேதபாடம் நடந்துகொண்டிருந்தது; மாற்கு 4ஆம் அதிகாரம், விதைக்கிறவன் உவமை. அந்நியனாய் நுழைந்த ஒரு வெள்ளை இளைஞனுக்கு இடம் கொடுத்து உட்காரவைத்தார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் உடனிருந்து, ஜெபத்துக்காகக் கண்களை மூடியபோது சுட்டான். போதகரும் மாநில மேலவை உறுப்பினருமான கிளெமென்டா பிங்க்னி உட்பட ஒன்பது பேர் மரித்தார்கள். அவன் அந்தக் கொடியைப் பிடித்தபடி எடுத்திருந்த படங்கள் பின்னர் வெளியாயின.

உங்கள் நண்பரிடம் வாதாடி வெல்ல முயலாதிருங்கள். அவர் கொண்டுவந்த உணவை உண்ட நன்றியோடு, பக்கத்தில் உட்கார்ந்து, பின்வரும் ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்.

சம்பவம் நடந்து ஒரு வாரம் கழித்து, ஜூன் 24 அன்று, பிங்க்னியின் உடல் தலைநகர் கொலம்பியாவில் சட்டமன்றக் கட்டடத்துக்குள் மக்கள் அஞ்சலிக்காக வைக்கப்பட்டது. தேசக் கொடியும் மாநிலக் கொடியும் அரைக்கம்பத்தில் இருந்தன. வளாகத்தில் நின்ற அந்தச் சிவப்புக் கொடியை மட்டும், சட்டமன்றத்தின் ஒப்புதலின்றித் தொட முடியாதபடியால், முழு உயரத்திலேயே விட்டிருந்தார்கள். அஞ்சலி செலுத்த வந்தவர்களுக்கு அது தெரியாதபடி உள்ளிருந்து ஒரு ஜன்னலில் கறுப்புத் துணி கட்டினார்கள். கொடி இறங்கியது ஜூலை 10 அன்றுதான்.

அன்றும் புதன்கிழமை. மாலையில் சார்ல்ஸ்டனில் இம்மானுவேல் ஆலயத்தின் கதவுகள் திறந்திருந்தன. இரத்தம் சிந்தப்பட்ட அதே கீழ்த்தள அறையில் சபையார் வேதபாடத்துக்குக் கூடினார்கள். வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி போட்டார்கள்.