ஏரி மீனும் எதிரொலிக் கருவியும்

அண்ணாமலையை அனற்பிழம்பாகக் கண்டு பாடிய மரபு நெடியது. ஐம்பூதத் தலங்களுள் இது தீயின் தலம். ஆதலின் இவ்வூரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் மலையிலும் கோபுரத்திலும் கார்த்திகைத் தீபத்திலும் கண் வைத்தனரேயன்றி, நீரின் பக்கம் மிகுதியும் திரும்பினாரல்லர். ஆனால் இவ்வூரைக் கட்டியவர்கள் நீரை மறந்தவர்களல்லர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயிரங்கால் மண்டபத்தை எழுப்பிய கிருஷ்ணதேவராயர், அதன் எதிரே சிவகங்கைத் திருக்குளத்தையும் வெட்டுவித்தார். தீபத் திருநாளை அடுத்து ஐயங்குளத்தில் தெப்பம் மிதக்கிறது. மலைக்குத் தெற்கே சமுத்திரம் ஏரி கிடக்கிறது. பேரேரிகளுக்குச் சமுத்திரம் என்று பெயர் சூட்டுவது பழைய அரசர்களின் வழக்கம். கடலே காணாத உள்நாட்டில் கடலின் பெயரை வைத்துக்கொண்டு மகிழ்ந்தார்கள் போலும்!

திருக்குளத்து மீனுக்குப் பொரி கிடைக்கிறது. ஏரி மீனுக்கு வலை கிடைக்கிறது. இவற்றுள் இரண்டாவதன் வரலாறே இக்கட்டுரையின் பொருள். கலங்கிய நீரின் கீழ் மீன் எங்குள்ளது என்பதை மனிதன் எவ்வாறு அறிந்தான்? அறிந்து பிடித்த மீனின் விலை எங்கே சென்றது? இவ்விரு வினாக்களும் வெவ்வேறானவை போலத் தோன்றினும், ஆராய்ந்து செல்லின் ஓரிடத்தில் வந்து கூடுவதைக் காணலாம்.

நீரைப் படித்தல்

தொண்டை நாட்டு ஏரி ஆழமற்றது, பரந்தது. ஒருபுறம் பிறை வடிவில் மண்கரை. மறுபுறம் எல்லையில்லாமல் விரிந்து மேட்டில் கரைந்து போகும் நீர். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிக் கோடையில் வற்றுவது அதன் இயல்பு. இந்நீர் பெரும்பாலும் செம்மண் கலங்கலாகவே இருக்கும். கண்ணுக்கு மீன் தெரியாது. எனவே மீனைத் தேடுபவன் மீனைப் பாராது, மீன் நீரில் எழுதும் எழுத்தைப் பார்க்கக் கற்றான்.

இதில் விராலின் கதை தனிச்சிறப்புடையது. அது செவுளால் மட்டும் உயிர்த்திருக்க இயலாத மீன். சற்று நேரத்திற்கொரு முறை மேலே வந்து காற்றை விழுங்கிச் செல்லும். அந்த ஒரு சுழிப்பு போதும், பழகிய கண்ணுக்கு. குஞ்சு பொரித்த காலத்தில் இன்னும் எளிது. செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் பந்து போலத் திரண்டு நீர்மட்டத்தில் நகரும்; அவற்றின் கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கும். குஞ்சின் நிறமே பெற்றோரைக் காட்டிக்கொடுக்கிறது என்பது எண்ணத்தக்கது. அடிச்சேற்றைக் கிளறி மேயும் கெண்டையினங்கள் கொப்புளங்களை மேலே அனுப்பும். நீர்க்காகம் மூழ்கும் இடத்தில் சிறுமீன் திரண்டிருக்கும். புதுமழையில் கலங்கல் வழியே நீர் வழியும்போது, ஒழுக்கை எதிர்த்து மீன் ஏறும். அங்கே பறி வைத்தால் போதும், தேடவே வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றினும் பெரிய துணை கோடை. சித்திரை, வைகாசியில் நீர் சுருங்கி, மதகருகே உள்ள பள்ளத்தில் எஞ்சும்போது ஏரியின் மீன் முழுவதும் அங்கே ஒதுங்கிவிடும். தென்மாவட்டங்களில் இதனை அழிகண்மாய் என்பர். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும், கரையில் காத்திருந்த நூற்றுக்கணக்கானோர் ஊத்தாவும் வலையுமாக ஒரே நேரத்தில் இறங்கும் மீன்பிடித் திருவிழா, மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளில் இன்றும் நடைபெறுகிறது. மீனைக் கண்டறியும் கருவி எதுவும் அங்கே தேவையில்லை. வெயிலே அந்த வேலையைச் செய்து முடித்துவிடுகிறது.

பாசிப்பாட்டம்

ஏரி மீன் எவருடையது என்ற வினாவிற்குக் கல்வெட்டுகள் விடை தருகின்றன. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டுப் பெற்ற வருவாய் ‘பாசிப்பாட்டம்’ எனப்பட்டது. இச்சொல்லின் வாழ்நாள் வியப்புக்குரியது. இன்றும் ஏரியில் மீன் பிடிக்க விடப்படும் ஏலத்திற்கு ‘மீன் பாசிக் குத்தகை’ என்றே பெயர் வழங்குகிறது. அரசுகள் பல மாறியும் பாசி மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கவிஞர்கள் இச்சொல்லை ஒருமுறை நாவில் இட்டுப் பார்க்கலாம். மீனைச் சொல்லாமல், மீன் வாழும் பசுமையைச் சொல்லி மீனைக் குறித்த ஆகுபெயர் போல அது ஒலிக்கிறது.

இப்பாட்டத்தின் பயன்தான் முதன்மையானது. முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஊராட்சிக்கு ஏரி வாரியம் என்றொரு தனிக் குழு இருந்ததைக் கூறுவது அனைவரும் அறிந்ததே. ஏரியைப் பேணுவதற்கென ஏரிப்பட்டி என்ற நிலங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றோடு, மீன் குத்தகையில் வந்த பொருளை அந்த ஏரியைத் தூர்வாரவும் கரையை உயர்த்தவும் செலவிட வேண்டும் என்று விதித்த கல்வெட்டுகளும் தமிழகத்தில் உள்ளன. இதன் நுட்பத்தை நோக்குக. ஏரியில் வண்டல் சேர்ந்தால் நீர் குறையும்; நீர் குறைந்தால் மீன் குறையும்; மீன் குறைந்தால் பாட்டம் குறையும். ஆகவே பாட்டப் பணத்தை வண்டல் அகற்றவே செலவிட்டனர். மீன் தன் வீட்டிற்குத் தானே வாடகை கொடுத்தது எனலாம்.

இக்கண்ணி எப்போது அறுந்தது என்பதை ஒரே ஆண்டில் குறிப்பிட இயலாது. ஆங்கிலேயர் ஆட்சியில் ஏரிகள் வருவாய்த் துறையின் கணக்கிற்குள் வந்தன. குடிமக்கள் தாமே கூடிச் செய்த குடிமராமத்தைச் சட்டத்தால் கட்டாயமாக்க 1858இல் ஒரு முயற்சி நடந்தது. கட்டாயம் வந்தபின் விருப்பம் குன்றியது. 1897இல் இந்திய மீன்வளச் சட்டம் வெடிவைத்தும் நஞ்சிட்டும் மீன் பிடிப்பதைத் தடை செய்தது. அத்தகைய தடை தேவைப்பட்டதே ஒரு செய்தி. 1907இல் சென்னை மாகாணத்தில் மீன்துறை தொடங்கப்பெற்று, பிரடெரிக் நிக்கல்சன் அதற்குத் தலைமை ஏற்றார். விடுதலைக்குப்பின் 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுடைய ஏரிகள் பொதுப்பணித் துறைக்கும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் உரியவாயின. மீன் குத்தகை தொடர்ந்தது. ஆனால் ஓர் ஏரியின் மீன் பணம் அதே ஏரியின் வண்டலுக்கே என்ற விதி தளர்ந்து போயிற்று.

மீன்களும் மாறின. 1952இல் திலேப்பியா இந்தியாவிற்குள் கொண்டுவரப்பட்டது. நம் மக்கள் நாவில் அது ஜிலேபிக் கெண்டையாயிற்று. 1957இல் ஹீராலால் சவுத்ரி கெண்டையினங்களை ஊசி மருந்தால் முட்டையிடச் செய்து வெற்றி கண்டார். அதன்பின் கட்லாவும் ரோகுவும் குஞ்சுகளாக வாங்கி விடப்படும் பயிராயின. ஏரி மீன் தானாக வருவது என்ற நிலை மாறி, விதைத்து அறுப்பது என்ற நிலை வந்தது.

பனிப்பாறையிலிருந்து மீனுக்கு

இனி மீனைத் தேடும் கருவிக்கு வருவோம். நீரில் ஒலி எவ்வளவு விரைவாகச் செல்கிறது என்பதை 1826இல் ஜெனீவா ஏரியில் டேனியல் கொலடான் அளந்தார். ஒரு படகில் நீருக்குள் மணி அடிக்க, அதே கணத்தில் வெடிமருந்து ஒளி வீச, சுமார் 13 கிலோமீட்டருக்கு அப்பால் குழலை நீரில் இட்டு அவர் கேட்டார். நொடிக்கு 1,435 மீட்டர் என்று கண்டார். காற்றில் செல்வதைப் போல நான்கு மடங்கிற்கு மேல்!

1912இல் டைட்டானிக் மூழ்கியபின் இவ்வறிவு அவசரமாயிற்று. 1914 ஏப்ரலில் ரெஜினால்ட் ஃபெசண்டன் ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவிலிருந்த பனிப்பாறையின் எதிரொலியைக் கேட்டார். முதல் உலகப் போரில் பிரான்சின் பால் லாங்கெவின் குவார்ட்சுப் படிகத்தைக் கொண்டு செவிக்கெட்டா ஒலியை எழுப்பினார். கடலின் ஆழத்தை அளக்க இம்முறை பயன்பட்டது. மீன் அவர்கள் நோக்கத்திலேயே இல்லை.

மீனை ஒலியால் முதலில் கண்டறிந்தது கடலில் அன்று, ஒரு குளத்தில் என்பது பலர் அறியாதது. ஜப்பானிய ஆய்வாளர் கிமுரா 1929இல் மீன் வளர்ப்புக் குளம் ஒன்றில் ஒலிக்கற்றையைக் குறுக்கே செலுத்தி, மீன்கள் கடக்கும்போது அது மாறுவதைப் பதிவு செய்தார். 1935இல் நார்வேயின் ஆஸ்கர் சூந்த் ‘நேச்சர்’ இதழில், காட் மீன் திரளின் எதிரொலிப் பதிவை வெளியிட்டார். 1948இல் நாகசாகியைச் சேர்ந்த ஃபுருனோ சகோதரர்கள், போரில் எஞ்சிய ஆழமானிகளைத் திருத்தி மீனவர்க்கான கருவியாக்கினர். குமிழி எழும் இடத்தில் மீன் உண்டு என்று மூத்த மீனவர் ஒருவர் கூறியதே அவர்களுக்குத் தூண்டுதலாயிற்று என்பது அந்நிறுவன வரலாறு. நம் ஏரிக்கரையில் கொப்புளத்தைப் பார்த்து நின்றவனின் அறிவும் அதுவே. அறிவியலும் அதை உறுதி செய்தது: மீனின் தசை நீரைப் போன்றதே ஆதலால் ஒலியை அதிகம் திருப்புவதில்லை, எதிரொலியின் பெரும்பகுதி அதன் வயிற்றிலுள்ள காற்றுப்பையிலிருந்தே வருகிறது. கருவி காண்பது மீனையன்று, மீனுக்குள் இருக்கும் காற்றை.

பனி நாடுகளில் இக்கருவி சிறு குளங்களுக்கும் வந்தது. குளிர்காலத்தில் நீரின் மேற்பரப்பு உறைந்தாலும், 4 பாகை வெப்பமுள்ள கனத்த நீர் அடியில் தங்குவதால் மீன் உயிரோடிருக்கும். நான்கு அங்குலக் கெட்டிப் பனியிருந்தால் ஆள் நடக்கலாம் என்பது அந்நாட்டார் கணக்கு. துளையிட்டுத் தூண்டிலை இறக்குவர். ஆனால் பனி மூடிய நீரில் சுழிப்பில்லை, கொப்புளம் தெரியாது, பறவை இல்லை. படிப்பதற்கு எழுத்தே இல்லாத பக்கம் அது! முற்காலத்தார் துளையின்மேல் இருண்ட குடில் அமைத்து, உள்ளிருந்து கீழே நோக்கினர். நம் நாட்டிலேயே காஷ்மீரத்து ஆஞ்சார் ஏரியில், குளிர்நாளில் மீனவர் கம்பளத்தால் தலையையும் படகின் முனையையும் மூடிக்கொண்டு, ஈட்டியோடு நீரை நோக்கிக் காத்திருப்பதுண்டு. வெளிச்சத்தை விலக்கினால் நீர் திறக்கும் என்பது இருவரும் தனித்தனியே கண்ட உண்மை. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் லோரன்ஸ் குடும்பத்தார் சிறு பெட்டியளவில் ஒரு மீன்காட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். வட்டத்தட்டில் ஒளிக்கீற்று மின்னும் அவ்வகைக் கருவியே பின்னர்ப் பனித்துளைக்காரரின் கண்ணாயிற்று. பனிப்பாறைக்கு அஞ்சிப் பிறந்த கருவி பனிக்கடியில் இரை தேடப் போனது வரலாற்றின் விளையாட்டு.

நம் ஏரிக்கு எக்கருவி?

இன்று கைபேசியோடு இணைந்து, பந்து போல எறியத்தக்க மீன்காட்டிகள் கிடைக்கின்றன. அவற்றை ஏரிக்கு வாங்கலாமா என்று எண்ணுவோர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தல் நலம். ஒலிக்கற்றை கூம்பாக விரிகிறது. 20 பாகைக் கூம்பு 100 அடி ஆழத்தில் சுமார் 35 அடி வட்டத்தைக் காட்டும். 6 அடி ஆழத்தில் அது காட்டும் வட்டம் ஏறத்தாழ 2 அடிதான். 100 ஏக்கர் ஏரியில் 2 அடி வட்டம்! மேலும் கருவியை ஒட்டிய மேல்நீர் அதற்குத் தெரியாது; அடியில் உள்ள வேலம் முள்ளும் பாசியும் மீனாகத் தோன்றும். சேற்றில் புதைந்த கெளுத்தியோ தோன்றவே தோன்றாது. ஆழமற்ற நீருக்கு அகன்ற கூம்பும் 200 கிலோஹெர்ட்சு அல்லது அதற்கு மேற்பட்ட அலைவெண்ணும் உடையதைத் தேர்தல் வேண்டும் என்று வல்லுநர் கூறுவர். அப்படித் தேர்ந்தாலும் விராலின் சுழிப்பைக் கண்ட கிழவரை அது வெல்லாது.

ஆழ்நீரில் நிலை வேறு. தென்பெண்ணையின் குறுக்கே 1958இல் நிறைவுற்ற சாத்தனூர் அணையின் முழு நீர்மட்டம் 119 அடி. கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. கோடையில் வற்றித் தன்னைக் காட்டும் நீரன்று அது. செவுள் வலை விரித்துக் காத்திருப்போர்க்கு அங்கே கருவி சில வேளை உதவக்கூடும். கடலிலோ விசைப்படகினர் ‘எக்கோ சவுண்டர்’ என்று அதனைத் தம் சொல்லாகவே ஆக்கிக்கொண்டனர்.

எனினும் சிற்றேரியில் இக்கருவிக்கு வேலையே இல்லை என்று கூறுவதும் பிழை. மீனை விட்டு, அது பிறந்த பழைய தொழிலுக்கே அதனைத் திருப்ப வேண்டும். அணைகளில் படிந்த வண்டலை அளக்க நம் பொறியாளர் எதிரொலிக் கருவியைப் படகில் கட்டிச் செல்வது பல்லாண்டு வழக்கம். ஏரிகளுக்கு அவ்வளவு கவனிப்புக் கிடைப்பதரிது. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரையே மீண்டும் எடுத்து ஏரிகளைச் சீரமைக்கத் தொடங்கியபோதும், எந்த ஏரியில் எவ்வளவு வண்டல் என்ற வினா பல ஊர்களில் கண்மதிப்பாகவே தீர்க்கப்பட்டது. மண் அள்ளுவோர் தமக்கு வசதியான ஓரத்தில் குழி தோண்டிச் சென்றதாகப் புகார் எழுந்ததும் இதனாலேயே.

இதற்கு இரண்டு அலைவெண் உடைய கருவி வேண்டும். உயர்ந்த அலைவெண்ணின் ஒலி, இளஞ்சேற்றின் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். தாழ்ந்த அலைவெண்ணின் ஒலி சேற்றைத் துளைத்து, கீழுள்ள கெட்டித் தரையைத் தொட்டுத் திரும்பும். திரையில் இரண்டு கோடுகள் தோன்றும். அவற்றின் இடைவெளியே வண்டலின் கனம். பாசிப்பாட்டப் பணத்தைக் கொண்டு முன்னோர் ஆண்டுதோறும் வெட்டி எடுத்தது அதனைத்தான்.