செல்வ வேற்றுமையும் மனநிறைவும்: சோலன் கண்ட ஏதென்சு

செல்வர் சிலரும் வறியோர் பலரும் வாழும் நாட்டிலே மக்கள் மனநிறைவின்றி வருந்துதற்குக் காரணம் பொருட்குறைவு ஒன்றுதானோ? இவ்வினாவிற்கு விடைகாணப் புகுவார்க்கு, கி. மு. ஆறாம் நூற்றாண்டில் ஏதென்சு நகரில் நிகழ்ந்தவை பெரிதுந் துணைபுரியும்.

அக்காலத்தில் ஏதென்சைச் சூழ்ந்த நிலங்கள் பெரும்பாலும் ஒரு சிலர் ஆதிக்கத்தில் இருந்தன. உடலையே ஈடாக வைத்துக் கடன் பெறும் வழக்கமும் இருந்தமையால், கடனிறுக்க இயலாத உழவர் அடிமைகளாயினர்; அவருட் சிலர் பிறநாட்டார்க்கு விற்கவும் பட்டனர். தம் நிலத்தை மட்டுமன்றித் தம்மையே அவர் இழந்தனர்.

கி. மு. 594 இல் ஆட்சித் தலைவராகத் தெரியப்பட்ட சோலன், பழைய கடன்களை நீக்கினார். உடலை ஈடுவைத்தலைச் சட்டத்தால் தடுத்தார். கிரேக்கர் இதனைச் 'சுமையிறக்கம்' என்றனர். குடிகளை விளைவருவாய்க்கேற்ப நான்கு வகுப்பினராக்கி, கடைவகுப்பினர்க்கும் பேரவையில் இடமளித்தார். ஆயின், நிலத்தைச் சமமாகப் பங்கிட அவர் இணங்கவில்லை. கொடுத்த கடனை இழந்த செல்வரும், விரும்பிய நிலத்தைப் பெறாத வறியோரும் ஒருங்கே அவரை வெறுத்தனர். பூசலும் ஓயவில்லை, கி. மு. 561 அளவிற் பிசிசுத்திராத்தசு தனியாட்சியைக் கைப்பற்றினான். எனினும், ஏதென்சுக் குடிமகன் கடனுக்காக அடிமையாகும் இழிநிலை நீங்கிற்று.

சோலனைப்பற்றி எரொடோட்டசு கூறுங் கதையொன்று ஈண்டு நினைத்தற்குரியது. லிடியா நாட்டு மன்னன் குரோசசு தன் கருவூலங்களைக் காட்டி, உலகில் மிக இன்புற்றவன் யாவன் என அவரை வினவினான். மன்னன் எதிர்பார்த்தது தன் பெயரையே. சோலன் கூறியதோ தெல்லசு என்னும் ஏதென்சுக் குடிமகன் பெயரை. அவனுக்குப் போதிய பொருளும், நன்மக்களும், செழித்த நகரும் வாய்த்தன. போர்க்களத்தில் மாய்ந்தபோது ஊரார் அவனைப் போற்றி அடக்கஞ் செய்தனர். காலக்கணக்கு ஒவ்வாமையால் இருவருஞ் சந்தித்தமையை அறிஞர் ஐயுறுவர். ஆயினும், கிரேக்கர் இன்பத்தை எவ்வாறு அளந்தனர் என்பதற்கு இக்கதை தக்க சான்றாகும்.

தெல்லசு பெருஞ்செல்வனல்லன், இரப்பவனுமல்லன். போதிய வாழ்வும் ஊராரிடை மதிப்பும் அவனிடத்து ஒருங்கமைந்தன. சோலன் வறியோர்க்கு மதிப்பை மீட்டுக்கொடுத்தார். போதிய நிலத்தைக் கொடுத்திலர். அவர் செய்தது நிலைத்ததும், செய்யாதது பூசலாய் எஞ்சியதும் நமக்கு உணர்த்துவது ஒன்றே: பிறன் மிகுதியாகப் பெற்றிருத்தலை மாந்தர் ஒருவாறு பொறுப்பர், அம்மிகுதி தம் உணவையும் மானத்தையும் பறிக்குமாயின் ஒருபோதும் பொறார்.