கேமரன் மலையின் பழைய வண்டிகள்: புதுப்பித்தலும் வரலாறும்

கல்லும் செம்பும் ஓலையும் வரலாறு கூறும் என்பதை அனைவரும் ஒப்புவர். ஆனால், கல்லில் பெயர் பொறிக்கப்பெறாத மக்களுக்கு வரலாறு இல்லையா? அவர்கள் கையாண்ட கருவிகளே அவர்களுடைய கல்வெட்டுகள். ஏரும் நுகமும் உழவனுடைய வாழ்வைக் கூறுவது போலவே, தேய்ந்த சக்கரமும் நெளிந்த தகடும் மலைவாழ் உழைப்பாளியின் வாழ்வைக் கூறவல்லன. இவ்வுண்மைக்குச் சான்றாக மலேசிய நாட்டுக் கேமரன் மலையில் ஓடும் பழைய லேண்ட் ரோவர் வண்டிகளைக் காட்டலாம்.

பகாங் மாநிலத்தில், பிரிஞ்சாங் நகரைக் கடந்து வடக்கே செல்லும் சாலையில் கியா பார்ம் என்னும் சிற்றூர் உள்ளது. கடல் மட்டத்துக்கு 5,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த இவ்வூர் காய்கறிச் சந்தையால் பெயர் பெற்றது. அதன் அருகே பிரியும் குறுகிய பாதை, சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்கும் பிரிஞ்சாங் மலைமுடிக்கும் ஏறிச் செல்கிறது. இப்பகுதியில் ஐம்பது, அறுபது ஆண்டு வயதுடைய லேண்ட் ரோவர்களைக் காண்பது அரிதன்று. பிற நாடுகளில் காட்சிக்கூடத்தில் வைத்துப் போற்றப்படும் அவ்வண்டி, ஈண்டு முட்டைக்கோசு மூட்டைகளைச் சுமந்துகொண்டு சேற்றில் நிற்கிறது.

மலையும் பாதையும்

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைநாட்டை ஆராய்ந்து குறிப்பு எழுதினார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. எனினும், நாற்பது ஆண்டுகள் கழித்து, 1925ஆம் ஆண்டில் சர் ஜார்ஜ் மாக்சுவெல் வந்து பார்த்த பின்னரே, இதனை மலை வாழிடமாக அமைக்கும் முயற்சி வலுப்பெற்றது. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு வளைந்து வளைந்து ஏறும் சாலை 1930ஐ ஒட்டி அமைந்தது. 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் என்பவர், இலங்கையில் தேயிலைத் தொழில் பயின்ற ஏ. பி. மில்ன் என்பவருடன் சேர்ந்து போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். 1933ஆம் ஆண்டில் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது.

காடு அழிந்து தேயிலை தளிர்த்தது. அத்தளிரைக் கிள்ளிய கைகளிற் பல தமிழ்க் கைகள். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரை உதவிப்பணத்தில் அனுப்பும் முறையை நிறுத்தியது. அதன்பின், மலாயாவில் தங்கியோரும் அவர்தம் மக்களுமே தோட்டத் தமிழ்ச் சமுதாயமாக வேரூன்றினர். அவர்களைப் பற்றிய ஏடுகள் பெரும்பாலும் நிருவாகத்தின் நோக்கில் எழுதப்பட்டவை. பேர்வரிசையும் கூலிக்கணக்கும் அவற்றில் உண்டு, வாழ்க்கை இல்லை. வாழ்க்கையைத் தேடுவோர் வேறு சான்றுகளை நாடுதல் வேண்டும்.

வண்டியின் பிறப்பு

தலைமைச் சாலை அமைந்தபோதும் மலையின் உள்வழிகள் கரடுமுரடானவையே. செங்குத்தான சரிவும், ஓயாத மழையும், வழுக்கும் செம்மண்ணும் கூடிய இடத்தில் சாதாரண மோட்டார் வண்டி பயன்படாது. நான்கு சக்கரமும் ஒருங்கே உந்தும் வண்டி வேண்டும். அத்தகைய வண்டி இரண்டாம் உலகப் போருக்குப்பின் இங்கிலாந்தில் பிறந்தது.

ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ் தம் பண்ணையில் போரில் கழிந்த அமெரிக்க ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அதனினும் உழவுக்கு ஏற்ற வண்டி ஒன்றை நாமே செய்தால் என்ன என்னும் எண்ணம் 1947ஆம் ஆண்டில் அவர் உள்ளத்தில் எழுந்தது. 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் வெளிவந்தது. அதன் விலை 450 பவுண்டு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலம். எந்திரத்தின் ஆற்றல் ஏறத்தாழ 50 குதிரைத்திறன்.

அந்நாளில் இங்கிலாந்தில் எஃகுக்குத் தட்டுப்பாடு நிலவியது. ஆகவே மேற்கூட்டை அலுமினியக் கலவைத் தகட்டாலும், அடிச்சட்டத்தை எஃகாலும் செய்தனர். வறுமையில் பிறந்த இந்த ஏற்பாடே வண்டியின் நீண்ட வாழ்வுக்குக் காரணமாயிற்று. அலுமினியம் எஃகைப்போல் துருப்பிடிப்பதில்லை. தகடுகள் பெரும்பாலும் போல்ட் கொண்டு பூட்டப்பட்டவை. ஒன்று நெளிந்தால் அதனை மட்டும் கழற்றி மாற்றலாம். 1954ஆம் ஆண்டு வகையில் இரு அச்சுகளுக்கும் இடையே 107 அங்குலம் உள்ள பிக்-அப் வண்டி வந்தது. பின்னே திறந்த சுமைத்தட்டும் முன்னே மூவர் அமரும் அறையும் உடைய அவ்வகை, மலைத்தோட்டக்காரனுக்கென்றே செய்ததுபோல் அமைந்தது. 1958இல் இரண்டாம் வரிசையும் 1971இல் மூன்றாம் வரிசையும் தொடர்ந்தன.

மலாயாவில் வண்டி

வண்டி பிறந்த அதே 1948ஆம் ஆண்டில் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. காட்டுவழிகளில் படையினரும் காவலரும் செல்வதற்கு லேண்ட் ரோவர் பயன்பட்டது. 1951ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள், பகாங்கிலுள்ள பிரேசர் மலைக்குச் செல்லும் வழியில் ஆங்கில உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி சுட்டுக்கொல்லப்பட்டார். அன்று அவருடன் காவலர் சென்ற வண்டி திறந்த லேண்ட் ரோவரே. மலாயா வரலாற்றின் துயரப் பக்கங்களிலும் இவ்வண்டியின் சக்கரத்தடம் உண்டு என்பது இதனால் விளங்கும்.

அமைதிப் பயணத்தின் தடமும் உண்டு. 1955ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்சு மாணவர் அறுவர் இரு லேண்ட் ரோவர்களில் இலண்டனிலிருந்து புறப்பட்டு, 1956ஆம் ஆண்டு மார்ச்சில் மலாயா வழியே சிங்கப்பூர் அடைந்தனர். அவற்றுள் ஒன்று பின்னர்ச் செயிண்ட் ஹெலினா தீவில் கைவிடப்பட்டுக் கிடந்தது. அதனை மீட்டு இங்கிலாந்துக்குக் கொணர்ந்து செப்பனிட்டனர். 2019ஆம் ஆண்டில் அதே வண்டி சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்குத் தரைவழியே திரும்பிச் சென்றது!

பிரிட்டிஷ் படை 1971ஆம் ஆண்டில் சிங்கப்பூரை விட்டுப் பெரும்பாலும் நீங்கியது. படையினர் கழித்த வண்டிகள் பல மலைத்தோட்டக்காரர் கைக்கு வந்தன என்பது கேமரன் மலையில் வழங்கும் செய்தி. போருக்குச் சென்ற வண்டி கோசு சுமக்க வந்தது. வாளை உருக்கிக் கொழு அடித்த கதையை இது நினைவூட்டும்.

மலை செய்த மாற்றங்கள்

மலைக்கு வந்த வண்டி வந்தபடியே இருக்கவில்லை. கூரையை அறுத்தனர், சுமைத்தட்டை நீட்டினர், பக்கங்களில் மரச்சட்டம் எழுப்பினர். பெட்ரோல் விலை கட்டாதபோது எந்திரத்தையே கழற்றிவிட்டு ஜப்பானிய டீசல் எந்திரத்தைப் பொருத்தினர். சுமையால் வில் தளர்ந்த இடத்தில் மேலும் ஒரு எஃகுப் பட்டையைச் சேர்த்தனர். தொழிற்சாலைப் பொறியாளர் வரைந்த வடிவம் ஒன்று; மலையின் கொல்லர் எழுதிய வடிவம் மற்றொன்று.

பகலில் கோசும் உரமும் ஏற்றிய வண்டியே மாலையில் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும். திருவிழாவில் உறவினரை ஏற்றிவரும். மழைக்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளையும் சுமக்கும். இங்ஙனம் அது சுமைவண்டி என்னும் நிலையினின்று உயர்ந்து குடும்பத்தின் உறுப்பாகிறது. தந்தை ஓட்டிய வண்டியை விற்க மனமில்லாத மகன், அதனை வீட்டுக் கொட்டகையில் நிறுத்திவைக்கிறான். என்றேனும் ஒருநாள் செப்பனிட வேண்டும் என்று எண்ணுகிறான். அந்த நாள் வரும்போது வினா ஒன்றும் உடன் வருகிறது: எதனை மீட்பது?

கொட்டகையில் நிகழ்வது

முதலில் வண்டியின் நோயை அறிதல் வேண்டும். மேற்கூடு பளபளப்பாக இருப்பினும் அடிச்சட்டம் உள்ளே உளுத்திருக்கும். அது நான்கு பக்கமும் தகடு வைத்துப் பற்றவைத்த குழாய் போன்றது. உட்புகுந்த நீரும் சேறும் அங்கேயே தங்கி, உள்ளிருந்து வெளியே அரித்துவரும். சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தால் நல்ல எஃகு மணிபோல் ஒலிக்கும். உளுத்த எஃகு மங்கி ஒலிக்கும். ஓட்டுநர் கால் வைக்கும் முன்தடுப்பும் எஃகால் ஆனதே; அதுவும் எளிதில் கெடும். எஃகும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டி நிற்கும் இடங்களில் அலுமினியம் வெண்பொடியாக உதிர்வதைக் காணலாம்.

கழற்றும் முன் ஒவ்வொரு பகுதியையும் படம் எடுத்துக்கொள்வதும், போல்ட்டுகளைப் பெயரெழுதிய புட்டிகளில் இட்டுவைப்பதும் அறிவுடையோர் முறை. முன்தடுப்பை அறுத்துப் பற்றவைக்கும் முன் குறுக்குச் சட்டம் கொடுத்துப் பிணிக்க வேண்டும். இன்றேல் கதவுகள் பின்னர்ப் பொருந்தா. அடிச்சட்டத்தை மூலைக்கு மூலை அளந்து பார்க்க வேண்டும். இரண்டு அளவும் ஒத்திருந்தால் சட்டம் நேராக உள்ளது என்பது பொருள். பெட்ரோல் தொட்டியை உள்ளிருக்கும் ஆவி போக்காமல் நெருப்பருகே கொண்டுசெல்லுதல் உயிருக்கே இறுதி. பழைய பிரேக்குத் தூளில் கல்நார் இருத்தல் கூடும். ஊதித் துடைத்தல் ஆகாது.

இவை கைவினையின் பாற்பட்டவை, கற்றால் வரும். கடினமானது இதன் பின்னுள்ள தேர்வே.

இரு நெறிகள்

புதுப்பித்தலில் இரு நெறிகள் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே ஆக்குதல் ஒன்று. வாழ்ந்த வாழ்வின் அடையாளங்களைக் காத்துக்கொண்டு, ஓடும் நிலைக்குக் கொணர்தல் மற்றொன்று. லேண்ட் ரோவர் நிறுவனமே இரண்டினையும் கையாண்டுள்ளது. 2008 முதல் இந்தியாவின் டாட்டா குழுமத்துக்கு உரியதாகிவிட்ட அந்நிறுவனம், 2016ஆம் ஆண்டில் முதல் வரிசை வண்டிகளைப் புத்தம்புதியனபோல் ஆக்கித் தரும் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால், 1948ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் காட்டப்பெற்ற வண்டிகளுள் ஒன்று நெடுங்காலம் கழித்துக் கிடைத்தபோது, 2018ஆம் ஆண்டில் அதே நிறுவனம் வேறுவிதமாக முடிவு செய்தது. மங்கிய பழைய பச்சை வண்ணத்தையும் பழைய உறுப்புகளின் தேய்மானத்தையும் காத்தே செப்பனிடுவது என்பது அம்முடிவு. வரலாறு உடைய பொருளைப் புதிதாக்கினால் வரலாறு போய்விடும் என்பதை அவர்கள் உணர்ந்தனர் என்க.

தமிழாசிரியர்களுக்கு இவ்வேறுபாடு புதியதன்று. ஏட்டுச்சுவடியைப் பதிப்பித்தவர்கள் எதிர்கொண்ட வினாவே இது. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைத்தில. வேறு பல பாடல்கள் இடையிடையே சிதைந்துள்ளன. 1894ஆம் ஆண்டில் அந்நூலைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், செல்லரித்த இடத்தில் தாமே பாடல் இயற்றி நிரப்பவில்லை. உள்ளதை உள்ளவாறு தந்தார், பாடவேறுபாட்டைக் குறித்தார், இல்லாததை இல்லை என்று காட்டினார். அந்த நேர்மையினாலேயே பிற்காலத்தார் அந்நூலை நம்பி ஆராய முடிந்தது.

கியா பார்மில் நிற்கும் பழைய பிக்-அப் வண்டியும் ஒரு சுவடியே. தொழிற்சாலை வடிவம் அதன் மூலம். மலையின் கொல்லர் செய்த மாற்றங்கள் அதன் பாடவேறுபாடுகள். இங்கிலாந்திலிருந்து உறுப்புகளை வரவழைத்து, நீட்டிய சுமைத்தட்டை அறுத்தெறிந்து, 1958ஆம் ஆண்டுக் காட்சிப்படத்தில் உள்ளவாறு ஆக்கிவிட்டால், கண்ணுக்கு அழகான வண்டி கிடைக்கும். ஆனால் அது பர்மிங்ஹாமை அடுத்த சோலிஹல் நகரின் வரலாற்றைக் கூறுமேயன்றிக் கேமரன் மலையின் வரலாற்றைக் கூறாது. மரச்சட்டம் எழுப்பிய தச்சனும், வில்லுக்குப் பட்டை சேர்த்த கொல்லனும், ஏறி இறங்கிக் கதவோரத்தைத் தேய்த்த உழைப்பாளியும் இரண்டாம் முறையும் பெயரின்றி மறைவர்.

காப்பதும் களைவதும்

பழமை என்பதற்காக உளுத்த சட்டத்தையும் வெடித்த பிரேக்குக் குழாயையும் காத்தல் அறிவுடைமை அன்று. மலைச்சரிவில் மக்கள் உயிர் அவற்றை நம்பியே உள்ளது. ஆகவே, உயிர்க்காப்புக்கு உரிய உறுப்புகளைத் தயங்காது மாற்றலாம். துத்தநாகம் பூசிய புதிய அடிச்சட்டம் பொருத்தினும் குற்றமில்லை. ஆனால் பழைய சட்டத்தில் பொறித்த எண்ணையும், எண்தகட்டையும், பதிவுப் புத்தகத்தையும் காத்தல் வேண்டும். வண்டியின் பிறப்பையும் அதனை உடைமையாகக் கொண்டோரையும் அவையே அறிவிக்கும். கழற்றிய உறுப்பை எறியும் முன் படமெடுத்து, எப்போது, எதற்காக, யார் மாற்றினர் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தல் நன்று. முதியோர் நினைவில் உள்ள செய்திகளை, அவர்கள் இருக்கும்போதே கேட்டு அதில் சேர்த்தல் அதனினும் நன்று.

நெளிவு, கீறல், கையால் எழுதிய பெயர், மலைக்கொல்லரின் பற்றுத்தடம் ஆகியவை ஓட்டத்துக்கு இடையூறு செய்யா. அவற்றைத் தேய்த்து மறைக்க வேண்டிய தேவை இல்லை. வண்ணம் தீட்ட விரும்புவோர், உட்புறத்தில் ஒரு சாண் அளவேனும் பழைய வண்ணத்தை விட்டுவைக்கலாம்.

2016ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள், 1948இல் தொடங்கிய அந்தப் பழைய வழியின் இறுதி வண்டி சோலிஹல் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. இனி அவை புதிதாகப் பிறக்கப்போவதில்லை. எஞ்சியுள்ளவை குறைந்துகொண்டே போகும். சேகரிப்போர் பார்வை மலைமேல் விழும்போது, நல்ல விலைக்கு அவை கைமாறுதலும் இயல்பே. அதற்குள், கொட்டகையில் தந்தையின் வண்டியைத் திறந்து பார்க்கும் மகன், தன் கையில் இருப்பது பழைய இரும்பு அன்று, தன் குடியின் சுவடி என்பதை உணர்வானாயின், கல்லில் எழுதப்படாத ஒரு வரலாறு தகட்டிலேனும் நிலைத்து நிற்கும்.