பஞ்சமி நிலமும் நம் உரிமையும்

தாம்பரத்துச் சுற்றுப்புறங்களில் இன்று நிலம் சதுர அடிக் கணக்கில் விலைபோகிறது. அதில் நமக்குரியது உண்டா என வினவும் இளைஞர் 1891-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

அப்போது செங்கற்பட்டு ஜில்லா கலெக்டராயிருந்த டிரெமன்ஹீர் துரை, நம் மக்கள் பண்ணையாட்களாய், குடியிருக்கும் மனைக்கும் உரிமையற்று வாடுவதைச் சென்னை அரசாங்கத்துக்கு அறிக்கையாக எழுதினார். 1892 செப்டம்பர் 30-இல் ஆணை பிறந்தது. துரைத்தனத்தாரின் கருணை ஒன்றே காரணமன்று. பாதிரிமாரின் ஓயாத வற்புறுத்தலும் உடனிருந்தது.

நிலத்தினும் பெரிது, அதனோடு சேர்த்த நிபந்தனை. பத்தாண்டுவரை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே மாற்றலாம். மீறினால் இழப்பீடின்றி அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆயினும் கடனுக்கும் கைநாட்டுக்கும் ஏக்கர் ஏக்கராகப் பிறர் கைக்குப் போயிற்று. காரணை நிலத்தை மீட்கக் கோரிய போராட்டத்தில், 1994-இல் போலீசார் சுட்டு இருவர் மாண்டனர்.

இன்றைய பட்டாவை மட்டும் பார்த்து ஓய்ந்துவிடலாகாது. 1979-இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்திய கிராமப் பதிவேட்டைக் கேட்டுப் பெறுக. அதன் குறிப்புப் பகுதியில் ‘நிபந்தனை’ என்றோ ‘டி.சி.’ என்றோ எழுதியிருக்கிறதா என நோக்குக.