தோட்டப்புறத்தின் பாட்டும் பாடினியும்: மீனாட்சி அம்மாளின் பாடற்பணி பற்றிய ஒரு நோக்கு

பாட்டை எழுதுபவர் ஒருவர், இசையமைப்பவர் வேறொருவர், பாடுபவர் பிறிதொருவர் என்னும் பிரிவு, இசைத்தட்டும் பேசும்படமும் பெருகிய பின்னரே நம்மிடையே வலுப்பெற்றது. தாமே இயற்றித் தாமே பாடும் மரபு தமிழில் தேவார மூவர் காலத்திலேயே சிறந்து விளங்கியது. அம்மரபு இருபதாம் நூற்றாண்டில் கோயிற் பிரகாரத்தை விட்டுத் தொழிலாளர் கூட்டத்துக்கு வந்து சேர்ந்தமைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு இலங்கை மலையகத்திற் கிடைக்கின்றது. அது மீனாட்சி அம்மாள் நடேசய்யரின் பாடற்பணியாகும்.

மலையகத் தொழிற்சங்க வரலாற்றில் கோ. நடேசய்யரின் பெயர் முதலிடம் பெறுவது. தஞ்சை மண்ணிலிருந்து வந்த அவர், ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளை நடத்தினார். 1931 இல் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சம்மேளனம் அமைத்தார். 1936 இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1947 இல் மறைந்தார். அவருடைய துணைவியாரான மீனாட்சி அம்மாளோ நெடுங்காலம் அவர் வரலாற்றின் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டார். ‘தேசபக்தன்’ ஆசிரியப் பணியிற் பங்கேற்றவர், பெண்கள் உரிமை பற்றி எழுதியவர், கூட்டங்களில் நடேசய்யர் பேசுமுன் பாடி மக்களைத் திரட்டியவர் என்ற மூன்று சிறப்புக்கள் அவருக்குண்டு. அவற்றுள் மூன்றாவதே ஈண்டு விரிவாக நோக்கத்தக்கது.

கூட்டத்துக்கு முன் பாடுதல் பொழுதுபோக்கன்று. அக்காலத் தோட்டம் துரையின் தனியுடைமை. தொழிலாளி குடியிருந்த லயமும் அவ்வுடைமையின் பகுதியே. வெளியார் உள்ளே நுழைந்தால் அத்துமீறல் வழக்குக்கு ஆளாகலாம். தோட்டங்களின் நிலையை அறியும் பொருட்டு நடேசய்யர் புடைவை வியாபாரி போல வேடம் பூண்டு உள்ளே சென்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. பேச்சாளனை வாயிலில் நிறுத்தலாம். துண்டுப் பிரசுரத்தைப் பறிமுதல் செய்யலாம். ஆனால் கடைவீதியிற் கேட்ட பாட்டொன்றை மனத்திற் கொண்டு லயத்துக்குத் திரும்பும் பெண்ணை எந்தக் கங்காணியாலும் சோதனையிட முடியாது. எழுத்தறிவு குறைந்த சமூகத்தில் நினைவே ஏடாகும். அந்த ஏட்டில் எழுதவல்லது பாட்டு ஒன்றே.

மீனாட்சி அம்மாளின் பாடல்கள் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் சிறுநூலாக 1940 இல் வெளிவந்தன. இந்த ஆண்டைக் கருத்திற் கொள்ளாது அப்பாடல்களை விளங்கிக்கொள்ளல் இயலாது. 1939 இல் அரசாங்கத் துறைகளில் நாட்கூலி பெற்றுவந்த இந்திய வம்சாவளியினரை நீக்கும் நடவடிக்கை தொடங்கியது. அவ்வாண்டு யூலையில் நேரு இலங்கை வந்தார். இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவாயிற்று. ஆகஸ்ட் 1 முதல் தொழிலாளர் இலங்கைக்குப் புறப்படுவதை இந்திய அரசு தடைசெய்தது. 1940 சனவரி 10 இல் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். நூற்றாண்டு காலமாகக் காட்டை அழித்துத் தோட்டமாக்கிய மக்களை நோக்கி, ‘நீங்கள் எந்நாட்டவர்?’ என்ற வினா எழுப்பப்பட்ட வேளை அது. அவ்வினாவுக்கு மக்கள் வாயிலிருந்தே விடை எழவேண்டும் என்பது மீனாட்சி அம்மாளின் நோக்கம். நிலைமையைப் பாட்டின் வழியே பரப்பி, உரிமைக்காக ஒன்றுபடச் செய்தலே தம் பணியென அவர் கருதினார்.

மக்கள் இப்பாடல்களை விரும்பியதற்குரிய காரணத்தை அவற்றின் அமைப்பிலே காணலாம். அவர் புதுமெட்டுத் தேடவில்லை. நாடக மேடையும் பேசும்படமும் பரப்பியிருந்த மெட்டுக்களையே எடுத்துக்கொண்டு, அவற்றிற் புதிய சொல்லைப் பெய்தார். தமிழகத்தில் மதுரகவி பாஸ்கரதாஸ் முதலியோர் நாட்டு விடுதலைப் பாட்டுக்குக் கையாண்ட நெறியே இது. அமெரிக்கத் தொழிலாளர் இயக்கப் பாடகர் யோ ஹில்லும் இவ்வாறே மதப் பாடல்களின் மெட்டிற் கூலி உழைப்பாளரின் குறைகளைப் பாடினார். 1915 இல் யூட்டா மாநிலத்தில் மரண தண்டனைக்கு உள்ளானார். ஒருவரையொருவர் அறியாத இவ்விருவரும் ஒரே வழியைக் கண்டமை தற்செயலன்று. மெட்டு முன்னரே பழகியதாயின், கேட்போர் கற்கவேண்டியது சொல் மட்டுமே; இரண்டாம் முறை பாடும்போது கூட்டமே உடன்பாடும்.

பாரதியார் ‘கரும்புத் தோட்டத்திலே’ என்ற பாடலிற் பிஜித் தீவு ஹிந்துப் பெண்களுக்காக உருகினார். அது தொலைவிலிருந்து பிறந்த இரக்கம். தமிழின் பெருமைகளுள் ஒன்று. மீனாட்சி அம்மாளின் பாட்டிலோ இரக்கத்தினும் வழக்கே மேலோங்கி நிற்கின்றது. துயருறுவோரைப் பற்றி அயலாருக்குச் சொல்வதன்று அது. துயருறுவோரையே முன்னிலைப்படுத்தி, எழுந்து கேளுங்கள் என்பது. கவிநயத்தில் முன்னது உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் வரலாற்று மாணவன் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் பொருந்தாது.

இப்பணியின் தேவையை அட்டனிலிருந்து பார்ப்பதிலும் அரநாயக்கவிலிருந்து பார்ப்பது தெளிவு தரும். கேகாலை மாவட்டத்து மலைச்சரிவிலுள்ள அரநாயக்கப் பகுதியிலும், பொதுவாகச் சப்பிரகமுவ மாகாணத்திலும், தேயிலையும் இறப்பரும் விளையும் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களிடையே சிதறிக் கிடக்கின்றன. நுவரெலியாவிற் போன்று மலைமேல் மலையாகத் தொடரும் தமிழ்ச் சூழல் இங்கில்லை. கொழுந்து பறிப்போர் நிரையாக நின்று ஒன்றுகூடிப் பாடலாம். விடியற் குளிரிற் பால்வெட்டச் செல்லும் இறப்பர்த் தொழிலாளி மரத்துக்கு மரம் தனியே நடக்கிறான். எண்ணிக்கையாற் சிறியோராய், இடத்தாற் பிரிந்தோராய் வாழ்ந்த இம்மக்களுக்கு அரசியற் பலமும் எட்டாததாயிற்று. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் எழுவர் தெரிவாயினர்; அவர்களுள் எவரும் சப்பிரகமுவத் தொகுதியிலிருந்து தெரிவானவரல்லர்.

அச்சம் நேரில் வந்ததும் கேகாலைக்கே. 1946 இல் அம்மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டம் கிராம விரிவாக்கத்துக்கென அரசாற் பெறப்பட்டபோது, அங்கு வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். அவர்கள் மறுத்தனர், அவர்களுக்கு ஆதரவாக வேலைநிறுத்தம் எழுந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அக்கட்டளையை ஒரு சமூகம் முழுவதற்கும் உரியதாக்கியது. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. நாடற்றோர் நிலையைத் தீர்க்க 2003 வரை சட்டங்கள் தேவைப்பட்டன. 1940 இன் சிறுநூல் முன்னுணர்ந்து அஞ்சியது வீணச்சமன்று என்பதை இவ்வாண்டுகளே காட்டும்.

பாட்டாற் சட்டம் மாறவில்லையே எனின், உண்மை. அளவுகோல் அதுவன்று. பெரட்டுக்களத்திற் பெயர் கூப்பிட்டபோது மட்டும் குரல் கொடுத்த மக்கள், அழைக்கப்படாமலே ஒருமித்துக் குரலெழுப்பக் கற்ற இடங்களுள் அக்கூட்டங்களும் சேரும். தோட்டத்துப் பெண், மேடையில் ஒரு பெண் நின்று பாடக் கண்டதும் அங்கேதான். இவை புள்ளிவிவரத்துள் அடங்கா. ஆயினும் இவையின்றி இயக்கம் உருவாதல் இல்லை.

சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்ததும், சாரல் நாடன் நடேசய்யர் வரலாற்றை ஆராய்ந்து எழுதியதும் இத்துறையில் வழிகாட்டும் முயற்சிகளாகும். அவர்கள் விட்ட இடத்திலிருந்து சப்பிரகமுவ நோக்கி நடத்தல் பல்கலைக்கழக மாணவரின் கடன். இங்கு சிங்கள மொழிமூலம் கற்று வளரும் தமிழ்ப் பிள்ளைகளும் உளர். பாட்டனார் பாட்டு பேரனுக்குப் பொருள்படாமற் போகும் காலம் தொலைவில் இல்லை. 2016 மே 17 இல் அரநாயக்கவின் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாளிற் புளத்கொகுப்பிட்டிய களுப்பஹனத் தோட்டத்து லயங்களும் மண்ணுட் புதைந்தன. கிராமத்தையும் லயத்தையும் மலை வேறுபடுத்திப் பார்க்கவில்லை. மண்ணுள் மறைந்தோரை மீட்டல் எவர்க்கும் அரிது. முதியோர் நெஞ்சிலுள்ள பாட்டை மீட்டல் இன்றும் எளிது. ஒலிப்பதிவுக் கருவியும் சில விடுமுறை நாட்களும் அதற்குப் போதும்.