சார்னோக்கைட்டும் கிரானைட்டும்

பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்த மீனவக் குப்பங்கள் மணலிலும் களிமண்ணிலும் அமைந்தவை. கோட்டைக்குப்பம், கூனங்குப்பம், அரங்கம்குப்பம் என எங்கு போனாலும் பாறை தலைகாட்டாது. அங்குள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் செதுக்கு வேலைப்பாடு மிக்க பலகைகள் உள்நாட்டிலிருந்து வந்த கல்லால் ஆனவை. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பினார்கள். அதே நூற்றாண்டில் இக்கரையின் கல் தொலைதூரத் துறைமுகங்களையும் எட்டியது. 1693இல் இறந்த ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை கொல்கத்தாவின் புனித ஜான் தேவாலய வளாகத்தில் உள்ளது. அது சென்னையை அடுத்த பல்லாவரத்துப் பாறையின் இனம் என்று புவியியலாளர் தாமஸ் ஹாலந்து 1893இல் கண்டறிந்து, அந்தப் பாறைக்கு 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டார். 1900இல் இந்தியப் புவியியல் ஆய்வகம் வெளியிட்ட தம் நூலில், உருகிய கற்குழம்பு ஆழத்தில் குளிர்ந்து இறுகிய தீப்பாறை அது என்று வாதிட்டார்.

செஞ்சிக் கோட்டை நிற்கும் குன்றுகள் கிரானைட். அதன் குவார்ட்சும் ஃபெல்ஸ்பாரும் சார்னோக்கைட்டிலும் உண்டு. அப்படியானால் இது கிரானைட்டின் கருத்த வகைதானே என்று கேட்கலாம். நிறத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் இரண்டின் பிறப்பு வேறு. கிரானைட் குழம்பில் நீர் கரைந்திருந்தது. அந்த நீர் உருகுநிலையைத் தாழ்த்தியதால், குழம்பு 700 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம் வரை முழுதாக இறுகாமல் இருக்க முடிந்தது. இரும்பும் மக்னீசியமும் நீரோடு சேர்ந்து கருமைக்காவாகவும் ஹார்ன்பிளெண்டாகவும் படிகமாயின. சார்னோக்கைட் குழம்பில் நீர் மிகக் குறைவு. வெப்பமோ பெரும்பாலும் 800 டிகிரிக்கு மேல். நீரில்லாததால் அதே தனிமங்கள் ஹைபர்ஸ்தீன் என்னும் கனிமமாக உருவெடுத்தன. ஆகவே ஹைபர்ஸ்தீனை வெறும் அடையாளமாகக் கொள்வது போதாது. பாறை வறண்ட சூழலில் உருவானதற்கு அதுவே சான்று.

சார்னோக்கைட் தீப்பாறை என்பதற்கு இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கர்நாடகத்தின் கப்பால்துர்காவில் நைஸ் என்னும் சாம்பல்நிற வரிப்பாறை திட்டுத்திட்டாகச் சார்னோக்கைட்டாக மாறியிருப்பதைப் புவியியலாளர் பிச்சமுத்து 1960இல் எடுத்துக்காட்டினார். உருகாமலே, திடநிலையில் நிகழ்ந்த மாற்றம் அது. இதைக் கொண்டு எல்லாச் சார்னோக்கைட்டும் உருமாறிய பாறையே என்று சொல்லிவிடலாமா? கூடாது என்பதே என் முடிவு. அங்கே பழைய நைஸின் வரிகள் புதுத் திட்டுக்குள்ளும் தொடர்வதைப் பார்க்கலாம். மாற்றம் வெடிப்புகளை ஒட்டிச் சிறிய அளவில் பரவியிருக்கிறது. பல்லாவரத்தில் பாறை பெரும் பரப்பில் விரிந்து கிடக்கிறது. அப்பகுதியை மறுபடி ஆராய்ந்த ஏ. பி. சுப்பிரமணியம் 1959இல் ஹாலந்தின் கருத்தைத் திருத்தினார்: கருத்த காரவகைப் பாறைகள் வேறு மரபைச் சேர்ந்தவை, சிலிக்கா மிகுந்தவை மட்டுமே உண்மையான சார்னோக்கைட் என்றார். ஹாலந்து ஒரே குடும்பமாகக் கட்டியது இதனால் பிரிந்தது. சிலிக்கா மிகுந்த பாறையின் தீப்பிறப்போ தள்ளுபடியாகவில்லை.

பல்லாவரப் பாறையில் பிற்கால வெப்ப அழுத்தத்தின் தடயங்கள் உண்டு என்பதும் மெய். சுமார் 250 கோடி ஆண்டுகள் பழைமையான பாறையில் அவை இல்லாதிருந்தால்தான் வியப்பு. வறண்டு பிறந்த பாறை மறுபடி வறண்ட வெப்பத்துக்கு உள்ளானால் ஹைபர்ஸ்தீன் நிலைத்தே இருக்கும்; படிகங்களின் விளிம்புகள்தான் மாறும். ஆகவே அந்தத் தடயங்கள் பாறையின் பின்னாள் வாழ்வைச் சொல்பவை, பிறப்பை மறுப்பவை அல்ல. இன்றைய பன்னாட்டு வகைப்பாடும் சார்னோக்கைட்டுக்கு ஆழ்நிலைத் தீப்பாறைகளின் வரிசையில் இடம் தருகிறது.