அம்மாதான் நோய்க்குக் காரணமா?

என் நண்பனின் தங்கைக்கு ஐந்து வயதிலிருந்தே வீசிங். நடுராத்திரியில் நெபுலைசர் சத்தம் கேட்பது அந்த வீட்டில் சகஜம். போன மாதம் நான் போயிருந்தபோது, ஊரிலிருந்து வந்திருந்த பாட்டி ஒருவர் நண்பனின் அம்மாவிடம், "நீ பயந்து பயந்து வளர்த்துதான் பிள்ளைக்கு இந்த வியாதி" என்றார். ஆன்ட்டி பதிலே பேசவில்லை. எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார்.

பாட்டியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இதையே ஒரு காலத்தில் அமெரிக்காவில் பெரிய டாக்டர்களே சொல்லியிருக்கிறார்கள்!

1941ல் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர், தாமஸ் ஃபிரெஞ்ச் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் ஆஸ்துமா பற்றி எழுதினார்கள். மூச்சிரைப்பு என்பது அம்மாவுக்காக ஏங்கி, வெளியே வராமல் அடக்கிய அழுகை என்பது அவர்கள் கருத்து. அப்படியானால் குற்றவாளி யார்? அம்மாதான். அதிகம் கொஞ்சினாலும் தப்பு, ஒதுக்கினாலும் தப்பு.

இந்தக் காலகட்டத்தில் நியூயார்க்கைச் சேர்ந்த முர்ரே பெஷ்கின் என்ற அலர்ஜி டாக்டர் ஒரு வைத்தியம் சொன்னார். அதன் பெயர் 'பேரன்டெக்டமி'. டான்சிலை வெட்டி எடுத்தால் டான்சிலெக்டமி இல்லையா? அதே மாதிரி பெற்றோரையே 'வெட்டி எடுப்பது'! பல ஊர்களிலிருந்து குழந்தைகளை டென்வர் நகரில் இருந்த ஆஸ்துமா இல்லத்துக்கு அனுப்பினார்கள். ஒன்றரை, இரண்டு வருடம் வரைகூட அங்கேயே வாசம்.

பல குழந்தைகளுக்கு அங்கே நன்றாகவே குணம் தெரிந்தது. இதுதான் விஷயத்தைக் குழப்பியது. "பார்த்தீர்களா, அம்மா இல்லாததால் சரியாகிவிட்டது" என்றார்கள்.

ஆனால் டென்வர் சுமார் 1600 மீட்டர் உயரத்தில் இருக்கும் வறண்ட ஊர். 1960களில் நெதர்லாந்து விஞ்ஞானிகள் வீட்டுத் தூசியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சிதான் முக்கியமான அலர்ஜிக் காரணம் என்று காட்டினார்கள். ஈரம் இல்லாத இடத்தில் அந்தப் பூச்சி பிழைக்காது. ஆக, குழந்தை விட்டு வந்தது அம்மாவை மட்டுமல்ல, வீட்டு மெத்தையையும்தான்!

மனப் பதற்றம் மூச்சிரைப்பைக் கிளப்பிவிடலாம், அது உண்மை. ஆனால் கிளப்புவது வேறு, நோயை உண்டாக்குவது வேறு. ராத்திரியெல்லாம் விழித்திருந்த அம்மா பதற்றமாகத்தான் இருப்பார். அந்த விளைவைத்தான் காரணம் என்று எழுதிவிட்டார்கள்.

மாற்றம் மெல்ல வந்தது. 1962ல் சைமன் ஓல்ஷான்ஸ்கி என்பவர், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளின் பெற்றோரைப் பற்றி எழுதும்போது 'தீராத துயரம்' என்றார். அது மனநோய் அல்ல, இயல்பானது, அதைச் சீக்கிரம் கடந்து வா என்று வற்புறுத்தாதீர்கள் என்றார். பின்னாளில் நீண்டகால நோயுள்ள குழந்தைகளின் பெற்றோருக்கும் இதே கருத்தைப் பொருத்திப் பார்த்தார்கள்.

2004ல் எலிசா எப்பல், எலிசபெத் பிளாக்பர்ன் ஆகியோரின் குழு 58 தாய்மார்களைச் சோதித்தது. அதில் 39 பேரின் குழந்தைகளுக்கு நீண்டகால நோய். குரோமோசோம் நுனியில் டெலோமியர் என்று ஒன்று உண்டு, ஷூ லேஸ் நுனி பிளாஸ்டிக் மாதிரி. வயதாக ஆக அது தேயும். இரண்டு குழுவின் சராசரியில் வித்தியாசம் இல்லை. ஆனால் பராமரித்த வருடங்கள் கூடக்கூட தேய்மானமும் கூடியிருந்தது. மன அழுத்தம் மிக அதிகம் என்று சொன்னவர்களின் செல்கள், மிகக் குறைவு என்றவர்களின் செல்களைவிடக் குறைந்தது பத்து வருடம் மூத்தவை போல இருந்தன. சிறிய ஆய்வுதான். ஆனாலும் கேள்வி திரும்பிவிட்டது பாருங்கள். அம்மா குழந்தைக்கு என்ன செய்தார் என்பது போய், நோய் அம்மாவை என்ன செய்கிறது என்று கேட்டார்கள்.

அடுத்த முறை அந்த வீட்டுக்குப் போனால், "பாப்பா எப்படி இருக்கா?" என்று கேட்டுவிட்டு, "நீங்க தூங்கினீங்களா ஆன்ட்டி?" என்றும் கேட்க வேண்டும். முடிந்தால் ஒரு மதியம் பாப்பாவை நாங்கள் பார்த்துக்கொள்ளலாம். ஆன்ட்டி கொஞ்சம் தூங்கட்டும்.